வீட்டுப் பொருள்களும் ஏ.ஆர். ஹெட்செட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) ஹெட்செட்டைக் கல்லூரித் திட்டப்பணிக்கோ பட்டறை வேலைக்கோ கடைக்கோ பயன்படுத்த எண்ணும் மதுரை வட்டார மாணவர்கள், ஆசிரியர்கள், தொழில் நடத்துவோர் ஆகியோருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கையருகே கிடக்கும் டம்ளர், தாயக்கட்டை, தீப்பெட்டி, சாவிக்கொத்து போன்ற பொருள்களைக் கொண்டு ஹெட்செட்டை இயக்குவது ஒரு வேலை. அவற்றைக் கொண்டு ஹெட்செட்டைப் பூட்டுவதும் திறப்பதும் முற்றிலும் வேறொரு வேலை. முதல் வேலைக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. இரண்டாவதற்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பல திட்டங்கள் பார்க்க அழகாகவும் பாதுகாப்பில் ஓட்டையாகவும் அமைந்துவிடுகின்றன.

கையும் கண்ணும் குரலும் இருக்கும்போது, ஹெட்செட்டை இயக்கத் தனியாக ஒரு பொருள் எதற்கு?

ஏ.ஆர். ஹெட்செட், நம் முன்னால் உள்ள உண்மையான அறையின் மீது எழுத்துகளையும் படங்களையும் முப்பரிமாண உருவங்களையும் சேர்த்துக் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் போன்றவை ஒளி ஊடுருவும் கண்ணாடி வழியாக இதைச் செய்கின்றன. மெட்டா குவெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் புரோ போன்றவை முன்புறக் கேமராக்கள் பிடிக்கும் காட்சியைத் திரையில் காட்டி, அதன் மேல் உருவங்களைச் சேர்க்கின்றன. விரல்களைக் காற்றில் கிள்ளுவது போலச் சேர்ப்பது, பார்வையை ஓர் இடத்தில் நிறுத்துவது, வாயால் கட்டளை சொல்வது ஆகியவையே பெரும்பாலும் இவற்றை இயக்கும் வழிகள். குவெஸ்ட் போன்ற சிலவற்றுடன் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் வரும்.

இவை ஒவ்வொன்றிலும் குறை உண்டு. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியபடியே வேலை செய்தால் சற்று நேரத்திலேயே தோள்பட்டை கடுக்கத் தொடங்கிவிடும். காற்றில் தெரியும் பொத்தானை அழுத்தும்போது விரலில் எதுவும் தட்டுப்படுவதில்லை என்பதால், அழுந்தியதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாள் கூட்டத்தில் தெற்குமாசி வீதிக் கடை ஒன்றில் நின்றுகொண்டு குரலால் கட்டளை சொல்வது எவ்வளவு பயன் தரும் என்பதை நீங்களே அறிவீர்கள். கன்ட்ரோலரோ, அதைப் பிடித்த கையை வேறு வேலைக்கு உதவாமல் செய்துவிடுகிறது. மேசை மீது இருக்கும் ஒரு தீப்பெட்டியைத் தள்ளினால் ஒலி கூடும், பின்னுக்கு இழுத்தால் குறையும் என்று அமைத்துவிட்டால், கை மேசையிலேயே தங்கியிருக்கும், விரலுக்குத் தொடு உணர்வு கிடைக்கும், கண் வேலையை விட்டு விலக வேண்டியதில்லை.

இது புதிய யோசனையா?

இல்லை. தலையில் அணியும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968இலேயே செய்து காட்டினார். பொருளைக் கணினியின் கைப்பிடியாக்கும் எண்ணம் 1990களில் வலுப்பெற்றது. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் டரல் பிஷப் 1992இல் வடிவமைத்த தொலைபேசிப் பதிவுக் கருவியில், வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோலிக்குண்டு வெளியே வரும். அந்தக் குண்டை எடுத்து உரிய குழியில் வைத்தால் செய்தி ஒலிக்கும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 1997இல் இத்துறைக்கான அடிப்படைக் கட்டுரையை வெளியிட்டார்கள்.

ஏ.ஆருக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு ஆய்வுகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஹெண்டர்சனும் ஸ்டீவன் ஃபைனரும் 2008இல், இயந்திரப் பராமரிப்பு செய்பவரின் கைக்கு அருகே ஏற்கெனவே இருக்கும் மேடு, பள்ளம், விளிம்பு ஆகியவற்றையே பொத்தான்களாக மாற்றிக் காட்டினார்கள். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் அனுருத்த ஹெட்டியாராச்சியும் டேனியல் விக்டரும் 2016இல் உருவாக்கிய அமைப்பு, ஒரு மெய்நிகர் உருவத்துக்கு வடிவத்தில் மிக நெருக்கமான உண்மைப் பொருளை அறைக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் அந்த உருவத்தைப் போர்த்திக் காட்டியது. தனியாக ஒரு கருவியை வாங்கச் சொல்லாமல், இருப்பதைக் கொண்டே வேலையை முடிக்கும் இந்த வழி, நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களின் நிதிநிலைக்கு மிகவும் ஏற்றது.

ஒரு டம்ளரை ஹெட்செட் எப்படி அடையாளம் காண்கிறது?

பொதுவாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பொருளின் மீது ஒரு குறியை ஒட்டுவது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஆருக்கோ, ஏப்ரல்டேக் போன்ற குறிகள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. கியூ.ஆர். குறியும் உதவும், அதை ஹோலோலென்ஸ் 2 தானாகவே கண்டுகொள்ளும். குறியின் நான்கு மூலைகளும் கேமராவில் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு, அது எவ்வளவு தொலைவில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். கல்லூரித் திட்டப்பணிக்கு இதைவிட நம்பகமான தொடக்கம் இல்லை.

இரண்டாவது, பொருளின் முப்பரிமாண வடிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது. வியூஃபோரியா போன்ற மென்பொருள்களில் இவ்வசதி சில காலமாகவே உண்டு. ஆப்பிள் 2024இல், விஷன் புரோவின் இயங்குதளமான விஷன் ஓ.எஸ். 2 வழியாக இதைச் சேர்த்தது. பொருளின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் கொடுத்துப் பயிற்றுவித்தால், ஹெட்செட் அந்தப் பொருளை அடையாளம் காணும்.

மூன்றாவது, 'இது டம்ளர், இது தட்டு' என்று வகையை மட்டும் இனங்காணும் நரம்பியல் வலையமைப்பு, அதாவது ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல். இதற்குக் கேமராப் படம் செயலிக்குக் கிடைக்க வேண்டும். அங்கேதான் தயாரிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாடு குறுக்கே வருகிறது. மெட்டா 2025இல்தான் குவெஸ்ட் 3இன் முன்புறக் கேமராவைச் செயலி எழுதுவோருக்குத் திறந்துவிட்டது. ஆப்பிள் அதை நிறுவனப் பயன்பாட்டுக்கான தனி அனுமதியோடுதான் தருகிறது. திட்டத்தைத் தொடங்கும் முன் இந்த அனுமதியைச் சரிபார்த்துக்கொள்வது மிகவும் முக்கியம். அது தெரியாமல் பாதிப் பருவத்தை வீணாக்கிய மாணவர்கள் உண்டு.

நம் வீட்டுப் பொருள்களில் எவை ஒத்துவரும், எவை ஒத்துவராது?

எவர்சில்வர் டம்ளர் கையில் பிடிக்க எவ்வளவு வசதியானதோ, கேமராவுக்கு அவ்வளவு தொல்லை தருவது. அதன் பளபளப்பில் தெரிவது அதன் உருவமன்று, எதிரே உள்ள சன்னலும் டியூப் லைட்டும்தான். நாம் ஓரடி நகர்ந்தால் அந்தப் பிரதிபலிப்பும் நகர்ந்துவிடும்; டம்ளர் நகர்ந்ததாக ஹெட்செட் எண்ணிக்கொள்ளும். மேலும் அது எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருப்பதால், மேசையில் நகர்த்தியதைக் கண்டுபிடிக்க முடிந்தாலும், அதே இடத்தில் சுழற்றியதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்போமே, அது சுழற்சியைக் காட்டும் அடையாளமாக உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். மிக அருகில், சாய்வான வெளிச்சத்தில் உதவும். ஒரு கை நீளத் தொலைவில் அந்த வெட்டு கேமராவுக்குத் தெரிவது அரிது. விளிம்பை ஒட்டி நகச்சாயத்தால் ஒரு பட்டை தீட்டிவிடுவது எளிமையான, உறுதியான தீர்வு.

ஜிகர்தண்டா கிளாஸ் போன்ற கண்ணாடிப் பொருள்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒளி ஊடுருவும் எதையும், தொலைவை அளக்கும் ஆழ உணர்வு சென்சாரும் கேமராவும் சரியாகக் காண்பதில்லை. ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் சிக்கலானது. பற்றிக்கொள்ள அதில் எந்த அடையாளமும் இல்லை.

நன்றாக ஒத்துவருபவை எவை என்றால், தெளிவான ஓரங்களும், மங்கலான மேற்பரப்பும், பக்கத்துக்குப் பக்கம் மாறும் அச்சுப்படமும் உள்ளவை. தீப்பெட்டி இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு: படமுள்ள பக்கமும் உரசும் பக்கமும் வேறுபடுகின்றன, உள்பெட்டி வழுக்கிக்கொண்டு நகர்கிறது, விலையும் பொருட்டன்று. மரத்தாலான பல்லாங்குழிப் பலகையும் நன்கு பிடிபடும். பித்தளைத் தாயக்கட்டையில் பளபளப்பு இருந்தாலும், புள்ளிகளில் மை தடவிவிட்டால் தேறிவிடும். உருட்டி விழும் பக்கத்தைப் பார்த்து ஹெட்செட்டின் பயன்முறையை மாற்றுவது, பயனர் ஒரே முறை பார்த்ததும் கற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு.

வேறெதைவிடவும் அதிகம் மறக்கப்படுவது கை மறைப்பு. பொருளை முழுதாக உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டால் கேமரா எதைக் கொண்டு அதைப் பின்தொடரும்? பிடித்த பின்பும் பாதிக்கு மேல் வெளியே தெரியும் பொருளாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சோழி, புளியங்கொட்டை போன்ற சிறியவற்றைக் கையில் வைத்து இயக்க முடியாது. வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகு எண்ணிக்கொள்ள மட்டுமே முடியும்.

எந்தத் தொழிலில் இது உண்மையாகவே பயன்படும்?

கைகள் ஈரமாகவோ அழுக்காகவோ இருக்கும் எந்தத் தொழிலிலும் பயன்படும். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய விரல்களில் களிமண்ணோ வண்ணமோ இருந்துகொண்டே இருக்கும். கைபேசித் திரையைத் தொட முடியாது, தொட்டாலும் அது ஏற்காது. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் மேல் ஆடை மடிப்புக்கான கோடுகளை ஹெட்செட் காட்டுகிறது என்றால், அடுத்த படிக்குப் போக அவர் செய்ய வேண்டியது மேசையில் உள்ள ஒரு மரக்கட்டையை முழங்கையால் ஒரு பக்கம் புரட்டுவது மட்டுமே. கட்டையில் களிமண் ஒட்டினால் துடைத்துவிடலாம். குறி அழிந்தால் புதிதாக ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் மற்றொரு வாய்ப்பைக் காண்கிறோம். அகழாய்வில் கிடைத்த பகடைக்காயையோ பானையோட்டையோ பார்வையாளர் தொட முடியாது, தொடவும் கூடாது. அதே அளவில் செய்த சுடுமண் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, அதைத் திருப்பத் திருப்ப அது கிடைத்த குழியின் மண்ணடுக்குகள் கண்முன் விரியுமாறு அமைத்தால், விசைகளை விளக்கும் பலகையே தேவைப்படாது.

வெட்டவெளிக்கு மட்டும் இதை இப்போதைக்குப் பரிந்துரைப்பதற்கில்லை. ஒளி ஊடுருவும் வகை ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை காட்சிக்கு வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், இருட்டைச் சேர்க்க முடியாது. சித்திரை வெயிலில் அந்த உருவங்கள் வெளிறிப்போய்விடும்.

என் சாவிக்கொத்தையே ஹெட்செட்டுக்குக் காட்டி அதைத் திறக்கும்படி வைக்கலாமா?

வைக்க முடியும், ஆனால் வைக்கக் கூடாது. கேமரா ஒன்றைப் பார்த்து அடையாளம் காண முடியும் என்றால், வேறொரு கேமராவும் அதைப் பார்த்துப் படம் பிடிக்க முடியும். நீங்கள் சாவிக்கொத்தை டீக்கடை மேசையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கடவுச்சொல்லைப் பலகையில் எழுதி வைத்தது போலாகிவிடும்.

இது வெறும் அச்சமன்று. சான்டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல், சுமார் 60 மீட்டர் தொலைவிலிருந்து தொலைநோக்கு லென்ஸ் வழியாகப் படம் பிடித்த சாவியின் வெட்டுகளைக் கணினியால் அளந்து, அதே பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவியைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். பூட்டில் நுழைந்து திருப்ப வேண்டிய உண்மைச் சாவிக்கே இந்த நிலை என்றால், வெறும் தோற்றத்தைப் பார்த்துத் திறக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு வண்ண அச்சுப்படமே போதுமானதாகிவிடக்கூடும்.

அப்படியானால் பொருளைக் கொண்டு பூட்டவே முடியாதா? ரகசியம் எங்கே இருக்க வேண்டும்?

முடியும். ரகசியம் பொருளில் இருக்கக் கூடாது. அதை வைத்து நீங்கள் செய்யும் செயலில் இருக்க வேண்டும், அல்லது அதனுள் பொதிந்த சிப்பில் இருக்க வேண்டும்.

செயலில் ரகசியத்தை வைப்பதற்குக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. மேசையில் உள்ள பத்துப் பொருள்களில் நான்கை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தொட வேண்டும், ஒன்றை இரண்டு முறை தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டால், மொத்த வாய்ப்புகள் 5,040. நான்கு இலக்கப் பின் எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள் உண்டு என்பதால், இந்த முறை அதைவிடப் பலவீனமானது. ஒவ்வொரு பொருளையும் நான்கு திசைகளில் ஒன்றை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால், அதே நான்கு பொருள்களுக்கு 12,90,240 வாய்ப்புகள் கிடைக்கின்றன. திசையைச் சேர்ப்பது நினைவுக்குப் பெரிய சுமையன்று. பாதுகாப்பில் அது தரும் உயர்வோ மிகப் பெரிது.

பல்லாங்குழிப் பலகை இதற்கு மிகவும் பொருத்தமானது. ஒரு பக்கத்து ஏழு குழிகளில் ஒவ்வொன்றிலும் காய் இல்லாமலோ, மூன்று வரையிலோ போடலாம் என்று வைத்தாலே 16,384 அமைப்புகள் கிடைக்கும். பதினான்கு குழிகளையும் பயன்படுத்தினால் 26,84,35,456 அமைப்புகள். மூன்று என்று எல்லை வைப்பதற்குக் காரணம் உண்டு: அதற்கு மேல் போட்டால் காய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், மேலிருந்து பார்க்கும் கேமரா எண்ணிக்கையைத் தவறவிடும்.

இந்தப் பெரிய எண்களைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது. மனிதர்கள் 1, 2, 3 என ஏறுவரிசையிலோ, இரு பக்கமும் ஒத்த அமைப்பிலோதான் காய் போடுவார்கள். ஆகவே சில தவறான முயற்சிகளுக்குப் பின் ஹெட்செட் சிறிது நேரம் பூட்டிக்கொள்ள வேண்டும். திறந்தவுடன் காய்களை அள்ளிக் கலைத்துவிட வேண்டும். கலைக்காமல் எழுந்து போனால் ரகசியம் மேசை மேலேயே கிடக்கும். செயலியே கலைக்கும்படி கேட்டு, கலைத்த பிறகுதான் முகப்புத் திரையைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பக்கத்தில் நிற்பவர் என் கையசைவைப் பார்த்துவிட்டால்?

இதுதான் மிக நல்ல கேள்வி. ஏனெனில் ஏ.ஆருக்கு மட்டுமே வாய்த்த ஒரு வலிமை இங்கே வெளிப்படுகிறது.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். ஹெட்செட் அணிந்தவரின் திரை மற்றவர்க்குத் தெரியாது. ஆனால் அவருடைய அசைவு தெரியும். 2024இல் வெளியான கேஸ்ப்ளாய்ட் என்ற ஆய்வு, விஷன் புரோ அணிந்தவர் காணொளி அழைப்பில் தோன்றும் மெய்நிகர் முகத்தின் கண்ணசைவை மட்டும் கொண்டு, அவர் பார்வையால் தட்டச்சு செய்த எழுத்துகளை ஊகிக்க முடியும் என்று காட்டியது. விசைப்பலகை திறந்திருக்கும்போது அந்த முகத்தை நிறுத்திவைக்கும் திருத்தத்தை ஆப்பிள் விஷன் ஓ.எஸ். 1.3இல் வெளியிட்டது.

இனி வலிமை. மேசையில் உள்ள பத்துப் பொருள்களின் மேலும் 0 முதல் 9 வரை எண்களை ஹெட்செட் மிதக்கவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எண்களின் இடம் மாறுகிறது. அவை அணிந்தவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் பின் எண்ணுக்குரிய பொருள்களை வரிசையாகத் தொடுகிறீர்கள். அருகில் நிற்பவர் நீங்கள் தீப்பெட்டியையும், பிறகு பேனாவையும், பிறகு டபராவையும் தொட்டதைத் துல்லியமாகக் காண்கிறார். அவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் அடுத்த முறை அதே எண்கள் வேறு பொருள்களின் மேல் இருக்கும். இங்கே பொருள் விரலுக்குத் தொடு உணர்வைத் தருகிறது, ரகசியம் நினைவில் இருக்கிறது, மறைப்பை ஹெட்செட் செய்கிறது. எண்ணைத் தேடிப் பார்க்கச் சில விநாடிகள் கூடுதலாகும் என்பதே குறை. பொது இடத்தில் திறக்க வேண்டிய எவருக்கும் இந்த முறையையே முதலில் பரிந்துரைப்போம்.

சிப் பொதித்த பொருள் எப்படி?

அருகில் கொண்டுவந்தால் கம்பியின்றித் தகவல் தரும் சிப் உள்ள என்.எஃப்.சி. ஸ்டிக்கர் ஒன்றை டம்ளரின் அடியில் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. (உலோகத்தின் மேல் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது, இடையே ஃபெரைட் தகடு உள்ள தனி வகை வேண்டும்.) மலிவான ஸ்டிக்கர்கள் தம் வரிசை எண்ணைக் கேட்பவர்க்கெல்லாம் சொல்லிவிடும், அந்த எண்ணை வேறொரு சிப்பில் பதிவதும் கடினமன்று. பாதுகாப்புக்கு இவை உதவா.

கடவுச்சொல் இல்லாமல் உள்நுழைவதற்கான ஃபைடோ 2 தரத்திலான பாதுகாப்புச் சாவி (சிப் உள்ள சிறு கருவி) முற்றிலும் வேறானது. அதனுள் உள்ள தனிச்சாவி, அதாவது கையொப்பமிட உதவும் ரகசிய எண், வெளியே வருவதே இல்லை. ஹெட்செட் ஒவ்வொரு முறையும் புதிய கேள்வி ஒன்றை அனுப்புகிறது, சிப் அதற்குக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. நேற்றைய பதிலை ஒட்டுக்கேட்டவருக்கு இன்று பயனில்லை. ஹோலோலென்ஸ் 2 இத்தகைய சாவியைக் கொண்டு உள்நுழைவதை ஏற்கிறது. மற்றவற்றில், கைபேசியில் உள்ள பாஸ்கீயை (கடவுச்சொல்லுக்கு மாற்றான இதே வகைச் சாவியை) துணையாகக் கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. நகைப்பட்டறைக் கணக்கோ நோயாளியின் விவரமோ ஹெட்செட்டில் இருந்தால், இதைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள்.

சுங்குடி முடிச்சுகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லையே, அத்தகைய பொருளை நகலெடுக்க முடியாதல்லவா?

கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த மதுரைச் சுங்குடியில் இரண்டு வட்டங்கள் அப்படியே ஒத்திருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தனித்தன்மை வேறு, நகலெடுக்க முடியாமை வேறு. அந்தத் துணியைப் படம் பிடித்து அச்சிட்டுக் காட்டினால், சாதாரணக் கேமரா அதை ஏற்றுக்கொண்டுவிடும். துணி மடியும், இழுபடும், வெளுக்கும் என்பதால் உரியவரையே அது மறுக்கவும் கூடும்.

உண்மையிலேயே நகலெடுக்கக் கடினமான பொருள்கள் ஆய்வில் உள்ளன. ரவிகாந்த் பாப்புவும் அவருடைய குழுவினரும் 2002இல், நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்த பிசின் வில்லையின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதில் எழும் புள்ளிக்கோலத்தை அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். ஒளியின் கோணம் சற்று மாறினாலும் கோலம் முழுதும் மாறிவிடுவதால், ஒரு படத்தை வைத்து ஏமாற்ற முடியாது. வெற்றுத்தாளின் நார்ப்பின்னலே அந்தத் தாளின் கைரேகையாகும் என்பதைச் சாதாரண ஸ்கேனர் கொண்டே 2009இல் காட்டினார்கள். இவற்றுக்கு லேசரோ, நெருங்கி வைத்த ஸ்கேனரோ தேவை. ஹெட்செட்டின் கேமராவால் ஒரு கை நீளத் தொலைவில் இந்த நுணுக்கத்தைக் காண முடியாது என்பதால், இப்போதைக்கு இது முதுகலை ஆய்வுக்குரிய தலைப்பே அன்றி வீட்டுப் பூட்டுக்குரிய வழியன்று.

கருவிழியைப் பார்த்துத் திறக்கும் வசதி இருக்கிறதே?

ஹோலோலென்ஸ் 2இலும் விஷன் புரோவிலும் இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. தனியொருவர் பயன்படுத்தும் கருவிக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஹெட்செட்டை ஒரு வகுப்பே மாற்றி மாற்றி அணியும் ஆய்வகத்தில் எல்லோருடைய கருவிழியையும் பதிவது நடைமுறைக்கு ஒவ்வாது. பின் எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், கருவிழியை மாற்ற முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வேறொரு பொருளை வைத்து ஹெட்செட்டை ஏமாற்ற முடியுமா?

முடியும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2017இல், முப்பரிமாணத்தில் அச்சிட்ட ஆமைப் பொம்மையின் மேற்பூச்சைச் சற்றே மாற்றி, அதைத் துப்பாக்கி என்று கணினி அடையாளம் காணும்படி செய்தார்கள். குறிகளில் ஏமாற்று வேலை இன்னும் எளிது. கடை வாசலில் பணம் செலுத்த ஒட்டிய கியூ.ஆர். குறியின் மேல் வேறொன்றை ஒட்டிய மோசடிகளை நாளிதழ்களில் படித்திருப்போம். ஹெட்செட் பார்க்கும் குறிக்கும் அதே கதி நேரலாம். ஆகவே ஒரு பொருளைப் பார்த்ததும் பணம் அனுப்புவது, கோப்பை அழிப்பது, கதவைத் திறப்பது போன்ற மீட்க முடியாத எதையும் ஹெட்செட் தானாகச் செய்யக் கூடாது. ஒலியைக் கூட்டுவது, பக்கத்தைப் புரட்டுவது போன்றவற்றைச் செய்யட்டும்.

வீட்டுக்குள் எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொண்டே இருப்பது சரியா?

பொருளை அடையாளம் காணும் கணக்கீடு ஹெட்செட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும், படம் வெளியே போகக் கூடாது என்பதை நிபந்தனையாக்குங்கள். மற்றவர்களின் தரவைத் திரட்டும் கடைக்கும் நிறுவனத்துக்கும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். உடன் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு அணிவது சட்டத்துக்கு அப்பாலும் ஒரு மரியாதை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கே அனுமதி இல்லாதபோது, கேமராக்கள் பொருத்திய ஹெட்செட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ?

இயக்கும் பொருள் என்றால் வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சாவி என்றால், முதல் நாளிலேயே இரண்டைப் பதிவு செய்து, ஒன்றைப் பீரோவில் பூட்டி வைத்துவிடுங்கள். தொலைந்ததைக் கணக்கிலிருந்து உடனே நீக்குங்கள்.

ஹெட்செட் வாங்காமலே இதைப் பயிலத் தொடங்க முடியுமா?

முடியும். ஒரு மடிக்கணினி, அதன் கேமரா, கேமராப் படங்களை ஆராய உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஓபன்சிவி மென்பொருள் ஆகியவை போதும். ஆருக்கோ குறிகளை ஒவ்வொன்றும் 3 செ.மீ. பக்கம் இருக்குமாறு ஒரே தாளில் அமைத்து, ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம். விளக்கொளி பட்டுப் பளபளத்தால் குறி பிடிபடாது. வெட்டும்போது கறுப்பு விளிம்பைச் சுற்றி வெள்ளை ஓரத்தைக் கட்டாயம் விட்டுவையுங்கள். அது இல்லையென்றால் மேசையின் நிறத்தோடு குறி கலந்துவிடும். ஒன்றைத் தீப்பெட்டியில் ஒட்டி, அதை நகர்த்தினால் திரையில் ஒரு பட்டை நீள்வது வரை முதலில் செய்து பாருங்கள். பிறகு வெளிச்சத்தைக் குறைத்தும், கையால் பாதி மறைத்தும், வேகமாக நகர்த்தியும் எந்த இடத்தில் அது தவறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் முறையைச் சோதிக்கும்போது, உங்கள் பொருளைக் கைபேசியில் படம் எடுத்து, அந்தக் கைபேசித் திரையையே கேமராவுக்குக் காட்டுங்கள். பூட்டு திறந்துகொண்டால், அந்தப் பொருளை ஒலியைக் கூட்டவும் பக்கம் புரட்டவும் வைத்துக்கொண்டு, திறப்பதற்கு எண்கள் இடம் மாறும் முறையையோ பாதுகாப்புச் சாவியையோ சேர்த்து மறுபடி சோதியுங்கள்.